எண்ணில் எழும் கடல்

புரோகிராமர்கள் தங்கள் வேலையைக் காட்ட நினைத்தால் நிரலைத்தான் நீட்டுவார்கள். பழக்கமில்லாதவர் கண்ணுக்கு அது எறும்பு வரிசை. ஷேடர்டாய் தளத்தில் முதலில் கண்ணில் படுவது படம். இனிகோ கீலெஸ், போல் ஜெரமியாஸ் இருவரும் 2013-இல் தொடங்கிய தளம் இது. இடப்பக்கம் படம் அசைந்துகொண்டிருக்கும். அதை உண்டாக்கும் நிரல் முழுவதும் வலப்பக்கம் திறந்தே கிடக்கும். நிரல் எழுதத் தெரியாதவரும் இதை ரசிக்கலாம். கொஞ்சம் பொறுமையும் எந்த வரிசையில் பார்ப்பது என்ற தெளிவும் இருந்தால் போதும். தொடங்குவதற்கு நல்ல படைப்பு, டிடிஎம் என்ற புனைபெயரில் இயங்குபவர் 2014-இல் வெளியிட்ட ‘ஸீஸ்கேப்’. திறந்த கடல், அலைகள், மேலே வானம், வேறொன்றும் இல்லை.

முதலில் கண்ணால் பாருங்கள்

வலப்பக்கத்தை மறந்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்குங்கள். அருகில் வரும் அலையின் முதுகில் சின்னச் சின்ன நெளிவுகள் தெரிகின்றனவா? தொலைவில் அவை எப்படி மங்குகின்றன? அலையின் உச்சியில் நிறம் ஏன் பச்சையை நோக்கிப் போகிறது? படத்தின் மேல் மவுஸை அழுத்தி இழுத்தால் கடல்மீது நீங்களே முன்னும் பின்னும் நகர்வீர்கள். இது வீடியோ அல்ல என்பது அப்போது உறைக்கும். எங்கும் எதையும் படம்பிடித்து வைக்கவில்லை. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு கணமும் உங்கள் கணினியின் கிராபிக்ஸ் கார்டு புதிதாகக் கணக்குப் போடுகிறது.

ஒவ்வொரு புள்ளியும் தனி

1920-க்கு 1080 அளவுள்ள திரையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. அத்தனைக்கும் ஒரே நிரல்தான், ஷேடர் என்பது அதன் பெயர். “உன் இடத்தில் என்ன நிறம்?” என்று அது ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே கேட்கிறது. பக்கத்துப் புள்ளி சொன்ன பதில் எந்தப் புள்ளிக்கும் தெரியாது. விநாடிக்கு 60 முறை படம் மாறினால், ஒரு விநாடியில் 12 கோடிக்கும் மேற்பட்ட பதில்கள். அலையை யாரும் கோடு இழுத்து வரையவில்லை. எல்லாப் புள்ளிகளும் ஒரே விதிக்குக் கட்டுப்படுவதால் அலை தெரிகிறது. ஷேடர் கலையின் மொத்த வியப்பும் இந்த இடத்தில்தான்.

இனி எண்ணைத் தொடுங்கள்

நிரலின் மேல்பகுதியில் ‘ஸீ_ஹைட்’ என்ற பெயருக்கு எதிரே 0.6 என்று இருக்கும். அதை 1.5 ஆக்கி, நிரலுக்குக் கீழேயுள்ள முக்கோணப் பொத்தானை அழுத்துங்கள். கடல் கொந்தளிக்கும். 0.1 ஆக்கினால் ஏரி. ‘ஸீ_சாப்பி’ அலை முனையின் கூர்மை, ‘ஸீ_ஸ்பீட்’ வேகம். பயப்பட வேண்டாம், மாற்றம் உங்கள் திரையோடு சரி. மூலப் படைப்புக்கு ஒன்றும் ஆகாது. ஒரு தடவைக்கு ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது எதற்குக் காரணம் என்று பிடிபடும்.

சிக்கனத்தைத் தேடுங்கள்

அலைகள் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் நெளிவு 1.9 மடங்கு நெருக்கமாகிறது, உயரம் 0.22 பங்காகச் சுருங்குகிறது. இனி ‘ஐட்டர்_ஜியோமெட்ரி’ 3, ‘ஐட்டர்_ஃபிராக்மென்ட்’ 5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். கடலின் உருவத்துக்கு மூன்றே அடுக்கு. ஒளி படும் விதத்துக்கு ஐந்து. பார்வைக் கோடு அலையை எங்கே தொடுகிறது என்று தேட, ஒவ்வொரு புள்ளிக்கும் உயரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். அங்கே சிக்கனம். தொட்ட இடம் தெரிந்தபின் பளபளப்புக்குச் சில கணக்குகளே போதும். அங்கே தாராளம். 5-ஐ 1 ஆக்குங்கள். நீர் வழவழத்துப் போகும். நம் கண் நுணுக்கம் என்று நம்பியதில் பெரும்பகுதி ஒளியின் வேலை என்று அப்போது புரியும்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு மரபு உண்டு. ஐரோப்பாவில் 1980-களில் வளர்ந்த டெமோசீன் குழுக்கள், மிகச் சிறிய கோப்பில் எவ்வளவு பெரிய காட்சியைக் கொண்டுவர முடியும் என்று போட்டி போட்டன. கீலெஸ் பங்களித்த ‘எலிவேட்டட்’ என்ற 2009-ஆம் ஆண்டுப் படைப்பு, 4 கிலோபைட்டுக்குள் பனிமலைத் தொடரையும் இசையையும் அடக்கியது. டெமோசீனைத் தன் வாழும் மரபுகளின் தேசியப் பட்டியலில் ஃபின்லாந்து 2020-இல் சேர்த்தது.

கருத்துச் சொல்வது எப்படி

“அருமை” என்று எழுதினால் படைத்தவருக்கு மகிழ்ச்சிதான், பயன் குறைவு. மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். எந்த வரி உங்களை நிறுத்தியது? விநாடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்று படத்தின் கீழே தெரியும் எண் உங்கள் கணினியில் எவ்வளவு? எந்த எண்ணை எதுவரை ஏற்றியபோது காட்சி உடைந்தது? கடைசிக் கேள்விக்கான பதில்தான் அவருக்கு அதிகம் உதவும். தன் படைப்பைத் தான் தேர்ந்தெடுத்த எண்களிலேயே பார்த்துப் பழகியவர் அவர். அந்த எண்களைத் தாண்டிப் பார்ப்பவர் நீங்கள். மாற்றிய வடிவத்தை உங்கள் கணக்கில் வெளியிடுவதானால் மூலப் படைப்பாளியின் பெயரைக் குறிப்பிடுங்கள், அவர் வைத்த உரிம வரியையும் படியுங்கள். பிறகு கீலெஸின் ‘ஸ்னெயில்’ படைப்புக்குப் போங்கள். அங்கே நிரல் நீளம், எண்கள் ஏராளம். பார்க்கும் வரிசை மட்டும் இதுவே.