தொகுத்தலும் மறைத்தலும்: ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளின் இலக்கணம்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி ஆங்கில நாளிதழ் ஒன்றைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தாள். 'த்ரீ ஹெல்ட் ஃபார் தெஃப்ட்' என்ற தலைப்பைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'மூன்று பேர் திருடுவதற்காகப் பிடித்தார்கள்' என்று பொருள் எழுதியிருந்தாள். "எதைப் பிடிச்சாங்கன்னு போடவே இல்லையே சார்?" என்று கேட்டாள். 'திருட்டு வழக்கில் மூவர் கைது' என்றதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவள் கேட்டதில் தவறில்லை. இலக்கணப் புத்தகத்தின்படி துணைவினை இல்லாமல் நிற்கும் 'ஹெல்ட்' இறந்தகாலச் செய்வினைதான். அதற்கு முன்னால் வரவேண்டிய துணைவினையைத் தலைப்பு விழுங்கிவிட்டதால் செயப்பாட்டுவினை செய்வினையின் தோற்றத்தில் நிற்கிறது. ஆங்கிலம் வரவேண்டுமானால் பேப்பர் படி என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். ஆனால் பேப்பரில் கண் முதலில் விழும் இடம் தனி இலக்கணத்தில் எழுதப்படுகிறது என்பதைச் சொல்வதில்லை. அந்த இலக்கணத்தை மொழி ஆய்வாளர் ஹைன்ரிக் ஸ்ட்ராமன் 1935இலேயே ஒரு நூல் முழுக்க ஆராய்ந்து, அதற்கு 'பிளாக் லாங்குவேஜ்' என்று பெயரிட்டார்.

அதன் விதிகள் சிலவே. 'எ', 'தி' போன்ற சுட்டுச் சொற்கள் போய்விடும். 'இஸ்', 'வாஸ்' போன்ற துணைவினைகளும் போய்விடும். நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் சொல்வார்கள். நடக்கப்போவதற்கு 'டு' என்ற இரண்டெழுத்தே போதும்: 'பி.எம். டு விசிட் சென்னை' என்றால் பிரதமர் சென்னை வரவிருக்கிறார். 'அண்ட்' வரவேண்டிய இடத்தில் காற்புள்ளி நிற்கும்.

இவை அச்சுக்கூடத்தின் நெருக்கடியில் பிறந்த விதிகள். பத்தியின் அகலம் கூடாது, எழுத்தின் அளவும் மாறாது. அதனால் உதவி ஆசிரியர்கள் தலைப்பை எழுத்தெண்ணி எழுதினார்கள். சாதாரணச் சிறிய எழுத்துக்கு ஒன்று, ஐ, எல், டி போன்ற ஒல்லி எழுத்துகளுக்கு அரை, எம், டபிள்யூ போன்ற அகல எழுத்துகளுக்கு ஒன்றரை என்பது கணக்கு. விசாரணை என்பதற்கான 'இன்வெஸ்டிகேஷன்' ஆங்கிலத்தில் 13 எழுத்து, 'ப்ரோப்' ஐந்தே எழுத்து. ராஜினாமாவுக்கு 'க்விட்', தகராறுக்கு 'ரோ' என்று குட்டிச் சொற்கள் தலைப்பில் குடியேறியது இப்படித்தான்.

இந்தச் சிக்கனத்தை நான் மதிக்கிறேன். 1969 ஜூலை 21 அன்று நியூயார்க் டைம்ஸ் 'மென் வாக் ஆன் மூன்' என்று தலைப்பிட்டது. நான்கே சொற்கள், ஒரு சுட்டும் இல்லை. முந்தின நாள் இரவு நடந்து முடிந்த செயல் நிகழ்காலத்தில் நிற்கிறது. அந்த நாளிதழை இன்று கையில் எடுப்பவருக்கும் மனிதர்கள் நிலவில் நடந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அதே இதழ் 1912 ஏப்ரல் 16 அன்று 'டைட்டானிக் சிங்க்ஸ்' என்று தொடங்கியபோது கப்பல் மூழ்கி ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் படித்தவர்களுக்கு அது கண்ணெதிரே மூழ்கியது. நான்கு சொல்லில் சொல்ல வேண்டுமானால் செய்தியின் உயிர்நாடி எது என்று எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி எந்த எழுத்தாளருக்கும் நல்லது.

இனி குறைகளுக்கு வருவோம். முதல் குறை பொருள் மயக்கம். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. உருபு மறைந்து நிற்கும் தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நன்னூல் விதியே வகுத்திருக்கிறது. 'சொல்லிலக்கணம்' என்றால் சொல்லினது இலக்கணமா, சொல்லுக்கு இலக்கணமா என்று உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டுவார்கள். ஆங்கிலத் தலைப்பு பெயர்ச்சொற்களை வரிசையாக அடுக்கும்போது இதே மயக்கம் வருகிறது. அங்கே வேற்றுமை உருபும் இல்லாததால் மயக்கம் இன்னும் கூடுகிறது. கொலம்பியா ஜர்னலிசம் ரிவ்யூ இத்தகைய பிழைகளைத் திரட்டி 1980இல் ஒரு நூலாக்கி, 'ஸ்குவாட் ஹெல்ப்ஸ் டாக் பைட் விக்டிம்' என்ற தலைப்பையே அதற்குப் பெயராக வைத்தது. நாய் கடித்தவருக்கு மீட்புக் குழு உதவியது என்பது எழுதியவர் கருதிய பொருள். ஒருவரைக் கடிக்க நாய்க்குக் குழு உதவியது என்றும் அதைப் படிக்கலாம். தமிழில் 'கடித்தவருக்கு' என்ற 'கு' உருபு ஒன்றே இந்தக் குழப்பத்தைத் தடுத்துவிடும்.

2009இல் ஜப்பானிய ஆங்கிலச் செய்தித் தளம் ஒன்றில் 'வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜே.ஏ.எல். க்ராஷ் ப்ளாஸம்ஸ்' என்றொரு தலைப்பு வந்தது. 1985 ஜப்பான் ஏர்லைன்ஸ் (ஜே.ஏ.எல்.) விமான விபத்தில் தந்தையை இழந்த வயலின் கலைஞர் இப்போது இசையில் மலர்கிறார் என்பது செய்தி. படித்தவர்களோ 'க்ராஷ் ப்ளாஸம்ஸ்' என்றால் என்ன பூ என்று கேட்டார்கள். அன்றிலிருந்து இப்படிப் பொருள் மயங்கும் தலைப்புகளுக்கு அதுவே பெயராகிவிட்டது. இவை பிழைகள்தான், ஆனால் பெரும்பாலும் யாருக்கும் கேடு செய்யாதவை. செய்தியின் முதல் வரி மயக்கத்தைத் தீர்த்துவிடும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. குட்டிச் சொற்கள் முரட்டுச் சொற்களாகவும் இருக்கின்றன. 'ஸ்லாம்' என்றால் ஓங்கி அறைவது. கருத்து வேறுபாட்டை நிதானமாகச் சொன்னவரும் தலைப்பில் எதிராளியை அறைந்தவராகிவிடுகிறார். 1975 அக்டோபரில் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலையில் இருந்தது. அதை மீட்க மத்திய அரசின் பணம் கேட்கும் எந்த மசோதாவையும் நிராகரிப்பேன் என்று அமெரிக்க அதிபர் ஃபோர்டு பேசினார். மறுநாள் நியூயார்க் டெய்லி நியூஸ் 'ஃபோர்ட் டு சிட்டி: ட்ராப் டெட்' என்று எழுதியது. செத்துத் தொலை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. இரண்டே மாதத்தில் அந்த நகரத்துக்கான கடனுதவிக்கு அவரே கையெழுத்திட்டார். ஆனால் இன்றும் பலருக்கு நினைவிருப்பது அவர் சொல்லாத அந்த இரண்டு சொல்தான். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த அனுபவத்துக்குச் சான்று. செய்தி முழுவதையும் படித்தவர்களிடத்தும் தலைப்பின் சாய்வு நினைவிலும் ஊகத்திலும் தங்கிவிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

மூன்றாவது குறையை என்னால் மன்னிக்க முடியவில்லை. அது செய்தவரை மறைப்பது. 1975 ஜூனில் அன்றைய ரொடீசியாவின் தலைநகர் சாலிஸ்பரியில் போலீஸ் சுட்டு ஆப்பிரிக்கர் 11 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. லண்டன் கார்டியன் போலீசை எழுவாயாக முன்னே வைத்து, 'போலீஸ் 11 பேரைச் சுட்டுக் கொன்றது' என்ற அமைப்பில் எழுதியது. லண்டன் டைம்ஸ் 'கலவரத்தில் ஈடுபட்ட கறுப்பர்கள் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டனர்' என்று அதே செய்தியைச் செயப்பாட்டுவினையில் வைத்தது. இறந்தவர்கள் கலவரக்காரர்களாக முன்னே வந்தார்கள், சுட்டவர்கள் பின்னே போனார்கள். மறுநாள் டைம்ஸ் தலைப்பில் ஆப்பிரிக்கத் தேசிய கவுன்சிலின் 'பிளவு' எழுவாயாகிவிட்டது. சுட்டவர்களும் காணோம், சுடப்பட்டவர்களும் காணோம். 1979இல் வந்த 'லாங்குவேஜ் அண்ட் கன்ட்ரோல்' நூலில் டோனி ட்ரூ இந்த மாற்றங்களைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

'த்ரீ ஹெல்ட்' என்பதிலும் செய்தவர் இல்லையே என்று கேட்கலாம். கைது செய்வது போலீஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். அது நம் இலக்கணத்தின் தோன்றா எழுவாய் போன்றது, வாசகரே அதை மீட்டுக்கொள்வார். 'போராட்டத்தில் 11 பேர் பலி' என்றால் கொன்றது யார் என்பதை வாசகரால் மீட்க முடியாது. தொகையில் உருபு தொக்கி நிற்கும், அழிந்துபோவதில்லை. விரித்தால் திரும்ப வரவேண்டும், வராவிட்டால் அது தொகுத்தல் ஆகாது, மறைத்தல் ஆகும். நான் கைக்கொள்ளும் அளவுகோல் இதுதான். 'பலி', 'கைது', 'மோதல்' என்று பெயர்ச்சொல்லில் முடியும் நம் தமிழ்த் தலைப்புகளையும் இதே அளவுகோலால் அளக்கலாம்.

இன்று கைபேசித் திரையில் பத்தி அகலத்தின் நெருக்கடி பழையபடி இல்லை. 'ப்ரோப்' என்றுதான் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் குறைந்துவிட்டது. ஆகவே முரட்டுச் சொல்லுக்கும் விடுபட்ட எழுவாய்க்கும் இடமின்மையைச் சாக்காகச் சொல்ல முடியாது.

அந்த மாணவிக்கு இப்போது ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தலைப்பையும் நோட்டில் முழு வாக்கியமாக விரித்து எழுத வேண்டும். எழுவாய் கிடைக்காவிட்டால் செய்திக்குள் போய்த் தேட வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் அந்தச் செய்தியை முழுதாக நம்பக் கூடாது. நீங்களும் நாளைக் காலை ஒரு தலைப்பை இப்படி விரித்துப் பாருங்கள்.