சிகிரியாவின் கரிய மங்கை

ஓவியத்தைக் காண்போன் தன் காலத்தின் எண்ணப் பழக்கத்தையும் உடன்கொண்டே காண்கின்றான். சிகிரியாக் குன்றில் தீட்டப்பெற்ற மங்கையருக்கு அறிஞர் கூறிய விளக்கங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் காலத்தன எனப்படும் இவ்வோவியங்களில் பொன்னிற மகளிரும், பசுமை கலந்த கருநிற மகளிரும் உளர். தொல்பொருள் ஆணையாளராயிருந்த பெல், இவர்கள் பிதுரங்கல விகாரைக்கு மலரேந்திச் செல்லும் அரசமகளிர் என்றும், கருநிறத்தார் அவர்தம் பணிப்பெண்கள் என்றும் கொண்டார். ஆனந்த குமாரசுவாமி அரம்பையர் என்றார். செனரத் பரணவிதானவோ பொன்னிறத்தார் மின்னல், கருநிறத்தார் முகில் என உரைத்தார்.

இனி ஓவியத்தையே வினவுவோம். உருவங்கள் இடைக்குக் கீழே முகிலில் மறைகின்றன. நிலத்தில் நடப்போரை இவ்வாறு தீட்டவேண்டுவதில்லை. கரியவள் மலர்த்தட்டு ஏந்துகின்றாள். பொன்னிறத்தாள் கையிலும் மலரே உளது. ஆதலின் மலரேந்துதல் மட்டும் ஏவலின் குறியாகாது. கரியவள் மார்பிற் கச்சு அணிந்திருத்தல் பெல்லின் கருத்துக்குத் துணையாகலாம். அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் ஓவியன் அவளை அழகிற் குறைத்தானல்லன். தாழ்ந்த விழியையும் திரண்ட தோளையும் வளைந்த விரலையும் இருவர்க்கும் ஒத்த பரிவுடனே வரைந்துள்ளான். கண்ணாடிச் சுவரிற் பாட்டெழுதிச் சென்ற முன்னையோர், இம்மங்கையர் வாய்திறவாமைக்கு நொந்தனர். அப்பாடல்களுள் 685-ஐப் பரணவிதான 1956-இல் பதிப்பித்தார். அவ்வின்பச் சுவையே இவ்வோவியத்தின் உயிர்; அதில் நிறப் பாகுபாடு இல்லை.

நல்லதண்ணியிலிருந்து மாணவரை ஒருமுறை அங்கு அழைத்துச் சென்றேன். கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள் கரிய மங்கையைச் சுட்டி, “இவள் வேலைக்காரிதானே, சேர்?” என்றாள். காரணம் வினவினேன். “கறுப்பாக இருக்கிறாளே!” என்றாள். பெல்லின் நூலை அவள் கண்டதுமில்லை. எனினும் அம்முடிவு அவள் நெஞ்சில் எவ்வாறோ புகுந்துவிட்டது. தன் தாயின் நிறத்தையே தாழ்வின் அடையாளமாக அச்சிறுமி கற்றிருந்தாள்.

மீனாட்சியை மரகதவல்லி எனப் போற்றுவோர் நாம். கிருஷ்ணை எனத் திரௌபதி பெயர்பெற்றதும் அவள் கருநிறத்தாலேயாம். அம்மரபு நம் பிள்ளைகளுக்கு எட்டாமற்போனது ஆசிரியராகிய நமது குறையே.

முகிலோ, அரம்பையோ, அரசமகளோ என்பதை ஆராய்வார் மேலும் ஆராய்க. நிறமொன்றே கொண்டு ஒருத்தியை ஏவலாள் எனத் துணிதல் திறனாய்வாகாது. அம்மாணவியை மீண்டும் நோக்கச் சொன்னேன். நெடிது நோக்கியபின், “இவளும் தோடு போட்டிருக்கிறாள், சேர்” என்றாள். திறனாய்வு அங்கே தொடங்கிற்று.