அக்கினிச் சிறகுகள்: ஒரு மனச்சான்று ஆய்வு

சவ்வாது மலைக் காவலூருக்குச் சென்று, 1986-இல் திறக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கண்டு கலசப்பாக்கம் திரும்பிய நம் இளைஞர் சிலர், அறிவியலாளர் ஒருவரின் வாழ்க்கையைப் படிக்கவேண்டும் என்று கேட்டனர். அருண் திவாரியின் துணையோடு அப்துல் கலாம் எழுதி, 1999-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் தமிழாக்கம் பெற்ற 'அக்கினிச் சிறகுகள்' நூலைக் கொடுத்தேன். கொடுக்குமுன் நானும் மீண்டும் ஒருமுறை படித்தேன்.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர் கலாம். அது தமக்குரிய துறையன்று என்பதைப் பட்டம் பெற்ற பின்னரே உணர்ந்ததாக ஒளிவின்றி எழுதுகிறார். இராமேசுவரம் பள்ளியில், அருச்சகர் மகனின் அருகில் இருந்த தம்மைப் புதிய ஆசிரியர் பின்வரிசைக்கு அனுப்பியதைச் சொல்கிறார். சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் அறிவியல் ஆசிரியர், தம் மனைவி மறுத்தபோதும், இசுலாமியச் சிறுவனுக்குத் தம் கையாலேயே உணவு பரிமாறியதையும் சொல்கிறார். வழக்கத்துக்கு அஞ்சாத சிந்தனையை அவர் முதலில் கண்டது அந்த அடுக்களையில்தான்.

நமக்கு நெருக்கமான பக்கங்கள் தும்பாவைப் பற்றியவை. கடலோர மக்களின் மகதலா மரியா ஆலயம் ஆயரின் இசைவோடு விண்வெளிப் பணிக்குக் கையளிக்கப்பட்டது. செபக்கூடமே தம் முதல் ஆய்வகம், ஆயரின் அறையே வரைபட அறை என்கிறார் கலாம். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது.

நூலின் உச்சம் 1979 ஆகஸ்டு 10. எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாட்டை இழந்து, 317 நொடிகளில் வங்கக் கடலில் விழுந்தது. ஏவுவதற்குச் சற்றுமுன் அமிலக் கசிவு கண்டறியப்பட்டும், அதைச் சிறிதென்று கருதியது தம் பிழையே என்று ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து சொன்னதாக எழுதுகிறார். உடன் உழைத்தோர்மீது பழி போடவில்லை. மனச்சான்றை ஆய்தல், குற்றத்தை ஏற்றல், திருந்த உறுதிகொள்ளல் என நாம் ஒப்புரவு அருட்சாதனத்தில் கற்பதெல்லாம் அப்பக்கங்களில் உண்டு. 1980 சூலை 18-இல் அதே கலம் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

எனினும் ஒரு குறையைச் சொல்லியாகவேண்டும். தோல்வியை இத்துணை நேர்மையாக ஆராய்ந்தவர், வெற்றியை அவ்வாறு ஆராயவில்லை. 1989 மே 22-இல் 'அக்கினி' ஏவுகணை பறந்ததைப் பெருமிதத்தோடு விவரிக்கிறார். நாட்டின் வலிமை, தற்சார்பு என்று விடை தந்து கடந்துவிடுகிறார். ஒரு வால்வின் கசிவைப் பற்றித் தம்மையே கேள்வி கேட்டவர், அந்த ஏவுகணை எதைச் சுமக்கலாம், எவர்மீது விழலாம் என்று அதே கண்டிப்போடு கேட்கவில்லை. தும்பாவில் முதல் ராக்கெட் எழுந்த அதே 1963-இல்தான், ஏப்ரலில், திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 'அவனியில் அமைதி' சுற்றுமடலில் படைக்கலப் போட்டியை நிறுத்துமாறு உலகை வேண்டினார். ஆலயத்தின் மடியில் பிறந்த பணிக்கு அக்குரல் அயலானதன்று.

அரசுப் பொறுப்பில் இருந்தவர் அனைத்தையும் எழுத இயலுமா என்று சிலர் கேட்கலாம். தொழில்நுட்பம் இரகசியமாக இருக்கலாம். மனச்சான்றின் வினாவுக்கு அத்தகைய தடையில்லை. ஐயரின் அடுக்களையில் கற்ற துணிவு இங்கும் பேசியிருந்தால் நூல் இன்னும் உயர்ந்திருக்கும்.

ஆயினும், அன்பர்களே, இந்நூலை உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். 'தவறு என்னுடையது' என்று பலர் முன்னிலையில் சொல்லும் ஆண்மையை அவர்கள் கற்கட்டும். படித்து முடித்ததும், கலாம் கேட்காமல் விட்ட வினாவை நீங்கள் அவர்களிடம் கேளுங்கள்.