அடைப்புக்குறிக்குள் தொலைந்தவை

தமிழில் வெளிவரும் இஸ்லாமிய நூல் எதைப் புரட்டினும் (ஸல்), (அலை), (ரலி), (ரஹ்) என்னும் நான்கு சுருக்கங்கள் பக்கந்தோறும் எதிர்ப்படும். ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்தில் இவற்றால் இடமும் உழைப்பும் மிச்சமாயின. கணினி அச்சுக்கு அந்த நெருக்கடி இல்லை. எனினும் பழக்கம் நிலைத்துவிட்டது.

சுருக்கக் குறி நம் மரபுக்குப் புறம்பானதன்று. ‘ஹத்தஸனா’ என்பதை ‘ஸனா’ என்றும் ‘நா’ என்றும் குறுக்கி எழுதியவர்கள் ஹதீஸ் அறிஞர்களே. வாசிக்கும்போதோ முழுச் சொல்லையே மொழிந்தனர். இமாம் மிஸ்ஸீ (மறைவு ஹி. 742) தம் ‘துஹ்ஃபத்துல் அஷ்ராஃப்’ நூலில் இப்னு மாஜா அல்கஸ்வீனீயைக் ‘காஃப்’ என்னும் ஓரெழுத்தால் சுட்டுகிறார். ஸுயூத்தீயின் ‘அல்ஜாமிஉஸ் ஸகீர்’ நூலில் அதே எழுத்து புகாரீ, முஸ்லிம் இருவரையும் ஒருங்கே குறிக்கும். தத்தம் முன்னுரையிலேயே விளக்கம் தந்துவிட்டதால் கற்பவர் மயங்குவதில்லை. ஆயினும் ஸலவாத்தைக் குறுக்குவதை இப்னுஸ் ஸலாஹ் (ஹி. 643), நவவீ (ஹி. 676), ஸுயூத்தீ (ஹி. 911) ஆகிய மூவரும் விரும்பவில்லை. நூலாரின் பெயர் தகவல், ஸலவாத்து துஆ. இவ்வேறுபாட்டை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம் சுருக்கங்களை அரபுக் கண்ணோடு பார்த்தால் சங்கடமே மிஞ்சும். தமிழெழுத்தில் ஸீனும் ஸாதும் ஒன்றாகிவிடுவதால் ‘ஸல்’ என்பதைக் ‘கேள்’ என்னும் ஏவலாகவும் படிக்கலாம். ‘அலைஹிஸ் ஸலாம்’ என்பதை ‘அலை’ என வெட்டியபோது ‘மீது’ என்னும் பொருளுடைய உருபு மட்டும் எஞ்சியது, ஸலாமே போயிற்று. தமிழ் மட்டும் அறிந்தவருக்குக் கடலலைதான் நினைவுக்கு வரும்.

பொருளிழப்பு மிகுதியாக நேர்வது (ரலி) என்பதில்தான். அரபு மூலத்தில் ஆணுக்கு ‘அன்ஹு’, பெண்ணுக்கு ‘அன்ஹா’, இருவருக்கு ‘அன்ஹுமா’, பலருக்கு ‘அன்ஹும்’ என்று முடியும். தமிழில் நாமோ மரியாதை கருதி யாவரையும் ‘அவர்கள்’ என்கிறோம். வினையும் ‘கூறினார்கள்’ என்றே வருகிறது. ‘ஹிந்த் (ரலி) அவர்கள் கூறினார்கள்’ என்றால் அவர் அபூஸுஃப்யானின் துணைவியார் ஹிந்த் பின்த் உத்பாவா, அன்னை கதீஜாவின் மைந்தர் ஹிந்த் பின் அபீஹாலாவா? முன்னவர் பெண், பின்னவர் ஆண். பால் உணர்த்த எஞ்சியிருந்த ஒரே சொல்லையும் அடைப்புக்குறி விழுங்கிவிட்டது. ஜாபிர் பின் அப்தில்லாஹ்வின் பெயரை அடுத்து ‘அன்ஹுமா’ என்று எழுதுவது, உஹதில் ஷஹீதான அவருடைய தந்தையும் நபித்தோழரே என்பதற்காக. தமிழ் வாசகருக்கு அந்தத் தந்தை தெரிவதேயில்லை.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் ஷிஃப்ட் முடித்து வரும் இளைஞர்கள் கூடி ஹதீஸ் மொழிபெயர்ப்பை உரக்க வாசிக்கக் கேட்டிருக்கிறேன். ‘ரலி’ என்று அச்சில் உள்ளபடியே சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அவர்கள்மேல் குறையில்லை, முழு வாசகத்தை அச்சில் காட்டாதவர்கள் நாம். அவ்வட்டாரத்தில் ‘சிப்காட்’ என்பது ஊர்ப்பெயர் போலவே வழங்குகிறது. அது 1971இல் தோன்றிய அரசு நிறுவனமொன்றின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் என்று அறியாமலே அங்கு இறங்கி வேலைக்குப் போகலாம், நட்டமில்லை. துஆ அவ்வாறு தேய்ந்து வெறும் ஒலியாகலாமா?

பதிப்பாசிரியர் செய்ய வேண்டியது பெரிதன்று. ஒவ்வொரு பெயரும் முதன்முறை வருமிடத்தில் முழு வாசகத்தையும் உரிய ஈற்றுடன் தரலாம். அதன்பின் சுருக்கம் வேண்டுமாயின் நூல்முகப்பில் அதற்கொரு விளக்கப் பட்டியல் இடலாம். ஸலவாத்து முழுவதையும் ஒரே வடிவில் காட்டும் அரபுக் குறி யூனிகோடில் உள்ளது. அது அழகியதுதான், அரபு படிக்கத் தெரியாதவருக்கோ ஓவியம்.

ரலி, ரளி, ரழி என்னும் எழுத்துப் பூசல் தனி. அவ்வரபு ஒலிக்கு நேரான எழுத்து தமிழில் இல்லை. ழகரமே ஓரளவு நெருங்கும் என்பது என் துணிபு. பிறர் லகரத்தை விரும்பினால் அதற்காக வழக்காட மாட்டேன். ஆனால் ஒரே நூலின் முன்னுரையில் ‘ரழி’யும் உள்ளே ‘ரலி’யும் வருவதைத் தடுக்க, கவனமுள்ள மெய்ப்புத் திருத்துநர் ஒருவர் போதுமே!