இராக்கிகடி மரபணுச் சான்று

அரியானா மாநிலத்து இராக்கிகடியில் அகழ்ந்தெடுத்த என்புகளின் மரபணு ஆய்வு 2019ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் 'செல்' என்னும் ஆய்விதழில் வெளியாயிற்று. வசந்து சிண்டே, வாகீசு நரசிம்மன், டேவிட் ரெய்க்கு முதலியோர் எழுதிய அக்கட்டுரை சிந்துவெளி மக்களின் வழிமரபை ஆராய்வார்க்கு இன்றியமையாதது. ஆயின், அதனை எடுத்தாளுமிடத்து எம் துறையினர் சிலர் எல்லை கடத்தலைக் காண்கின்றோம். அதுபற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

முதற்கண் சான்றின் அளவை நோக்குவோம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட என்புக் கூறுகள் 61. வெப்பம் மிக்க நிலத்தில் மரபணு விரைந்து சிதைதலின், அவற்றுள் பயன் தந்தது ஒன்றே. அஃது ஒரு பெண்ணினுடையது. கட்டுரையாளர் இவ்வொன்றன்மீதே முழுப் பொறையையும் ஏற்றினாரல்லர். துருக்குமேனித்தானத்துக் கோனூரிலும் ஈரானத்துச் சகர்-இ-சோக்தாவிலும் கிடைத்தவருள், அவ்வூர்களின் ஏனை மாந்தரின் வேறுபட்டு நின்ற 11 பேரோடு இப்பெண் ஒத்திருத்தலைக் காட்டினர். ஒற்றையேட்டைக் கொண்டு பாடந் துணிய அஞ்சும் பதிப்பாசிரியர், அயலூர்ப் பிரதிகளைத் தேடி ஒப்புநோக்குவது போன்றது இது. யாம் பெரிதும் பாராட்டும் பகுதியும் இதுவே.

உழவு பற்றிய அவர்தம் முடிவு நின்று நோக்கத்தக்கது. ஐரோப்பாவில் உழவு பரவியது, அனத்தோலியாவினின்று உழவர் தாமே பெயர்ந்து சென்றமையால் என்பது தொன்மரபணுவால் வலியுற்றது. இராக்கிகடிப் பெண்ணிடத்தோ அவ்வனத்தோலியக் கலப்புக் காணப்படவில்லை. ஈரானியரோடு தொடர்புடைய கூறு மிகுதியாக உண்டு. எனினும் அக்கிளை, ஈரானத்தில் உழவு தோன்றுமுன்பே பிரிந்தது என்பர். ஆகவே மேற்கினின்று உழவர் பெருந்திரளாக வந்து உழவைப் பரப்பினர் என்னுங் கொள்கை தளர்கின்றது. ஆனால், மெகர்கரில் வாற்கோதுமை விளைத்த தொல்குடியினர் அத்தொழிலைத் தாமே கண்டனரோ, அயலாரிடம் கற்றனரோ என்பதை இவ்வென்பு கூறாது. கட்டுரையாளரும் இரண்டிற்கும் இடந்தந்தே எழுதியுள்ளனர். இப்பெண் அத்தொல்குடியினர்க்கு ஈராயிரம் ஆண்டிற்கு மேலும் பிற்பட்டவள் என்பதையும் மறத்தலாகாது.

இனி மொழிக்கு வருவோம். கருங்கடலுக்கு வடக்கிலுள்ள புல்வெளி மேய்ப்பரின் கலப்பும் அப்பெண்ணிடம் இல்லை. அதுகொண்டு, ஆரியர் வருகை பொய்யாயிற்று என்றனர் ஒரு சாரார். அவள் பேசியது தமிழே என்றனர் எம்மவருள் ஒரு சாரார். முன்னதை மறுக்க, அதே திங்களில் 'சயன்சு' இதழில் வந்த உடனாய்வே போதும். 523 தொன்மாந்தரின் மரபணுவைப் புதிதாக வெளியிட்ட அவ்வாய்வு, புல்வெளிக் கலப்புத் தென்னாசியாவிற் புகுந்தது கி.மு. 2000க்கும் 1500க்கும் இடைப்பட்ட காலத்தென்கின்றது. அதற்கு முற்பட்டாளிடம் அக்கலப்பின்மை இயல்பேயன்றோ?

பின்னது எமக்கு உவப்பானது. அதனாலேயே அதனைக் கடுமையாக ஆராய்தல் வேண்டும். மரபணு பெற்றோர்வழி வருவது; மொழி கேட்டுக் கற்பது. ஒரு குடியிற் பிறந்தோரே இரு வேறு மொழியினராதல் கண்கூடு. சிந்துவெளி மொழி திராவிடம் என்ற அசுக்கோ பர்ப்போலாவும் ஐராவதம் மகாதேவனும் பொறிப்புக்களின் குறிகளையும் அவற்றின் வரிசையையும் கொண்டு வழக்குரைத்தனர். அவ்வழக்கு அச்சான்றுகளாலேயே நிற்றல் வேண்டும். என்பைத் துணைக்கழைப்பின், நாளை வேறோர் என்பு வேறு கூறுமிடத்து அவ்வழக்கும் உடன் சாயும். புல்வெளிக் கலப்பின்மை, அப்பெண் இந்தோ-ஆரிய மொழி பேசியிருத்தல் அரிது என்பதற்கு ஓரளவு துணையாகும். அவள் எம்மொழியினள் என்பதோ, பொறிப்புக்களைப் படித்தறிவார் கூறவேண்டுவது.