கஞ்சியும் பொதியும்

மட்டக்களப்பின் மகிழடித்தீவில் ஆண்டுக்கு இரண்டு நாள் சுடர் ஏற்றுகிறார்கள். ஒன்று ஜனவரி 28. 1987இல் அன்றுதான் விசேட அதிரடிப்படையினர் இறால் பண்ணைத் தொழிலாளர்களையும் ஊர்க்காரரையும் சுட்டுக் கொன்றனர். மற்றது ஜூன் 12. 1991இல் கண்ணிவெடியில் இரண்டு படையினர் இறந்ததற்குப் பழியாக இராணுவம் மகிழடித்தீவுக்குள்ளும் முதலைக்குடாவுக்குள்ளும் புகுந்தது. உயிருக்குப் பயந்து நெல் ஆலைக்குள் ஒளித்தவர்களையும் அது விடவில்லை. இரண்டையும் கொக்கட்டிச்சோலைப் படுகொலை என்றே உலகம் அறியும்.

வடக்குக் கிழக்கெங்கும் இத்தகைய நாள்களோடு இப்போது வேறு சிலவும் சேர்ந்துகொள்கின்றன: இரத்ததான முகாம், மாணவருக்குக் கற்றல் உபகரணம், மரநடுகை, உலர் உணவுப் பொதி. செத்தவரை நினைத்து இருப்பவருக்கு ஏதாவது செய்வது என்பதே எண்ணம். இந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது நடக்கும் விதத்தில் எனக்கு உறுத்தல்கள் உண்டு.

மதிப்பதற்கான காரணத்தை முதலில் சொல்கிறேன். நம் வீடுகளில் யாரும் வெறும் விளக்கோடு திவசத்தை முடிப்பதில்லை. நாலு பேருக்குச் சோறு போட்டால்தான் அந்த நாள் நிறையும். ஆகவே இது வெளியிலிருந்து வந்த பழக்கமன்று. வீட்டுக்குள் இருந்தது தெருவுக்கு வந்திருக்கிறது. இன்னொன்று, 1991க்குப் பின் பிறந்த பிள்ளைக்குத் தூபியின் முன் தலைகுனிந்து நிற்பது மட்டும் போதாது. அந்தப் பிள்ளைக்குக் கையால் செய்ய ஒரு வேலை வேண்டும். இரத்ததானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரத்தம் எந்த ஊருக்குப் போகும், எந்த மொழி பேசுபவரின் உடம்பில் ஏறும் என்று கொடுப்பவருக்குத் தெரியாது. தன் பாட்டனைச் சுட்டவனின் பேரனுக்கும் அது போகலாம் என்று தெரிந்தே ஒரு பொடியன் கை நீட்டுகிறான். அதைவிடப் பெரிய மறுமொழி எனக்குத் தெரியவில்லை.

உறுத்தல் பொதியில்தான் தொடங்குகிறது. அரிசி, பருப்பு, சீனி கட்டிய பையை ஒரு தாய் வாங்குகிறாள். படம் எடுக்கிறார்கள். பணம் அனுப்பிய புலம்பெயர் உறவுக்கு அந்தப் படம் போகிறது. கொடுப்பவர் நடுவில், வாங்குபவர் ஓரத்தில். அந்தப் பையில் கொல்லப்பட்டவரின் பெயர் இல்லை. அதே பையைத் தீபாவளிக்கும் கொடுக்கலாம், வெள்ளத்துக்கும் கொடுக்கலாம். நினைவு நாள் என்பது அதற்கு ஒரு திகதி மட்டுமே.

முள்ளிவாய்க்கால் கஞ்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். 2009 இறுதிப் போரில் பதுங்குகுழிகளில் இருந்தவர்களின் உயிரைப் பிடித்துவைத்த அரிசிக் கஞ்சியை மே மாதத்தில் சந்தியில் காய்ச்சி, வழியால் போகும் எல்லோருக்கும் ஊற்றுகிறார்கள். அதுவும் அன்னதானம்தான். ஆனால் குடிக்கும் குழந்தை, ஏன் உப்பு மட்டும் போட்ட கஞ்சி என்று கேட்கும். கேட்டால் யாரோ சொல்லியாக வேண்டும். கதையைப் பிரித்துவிட்டு அந்தக் கஞ்சியைக் கொடுக்க முடியாது. 2024 மே மாதத்தில் திருகோணமலை சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வரை ஏன் கைது செய்தார்கள் என்பதும் இதனால் விளங்குகிறது. அரிசிப் பொதிக்காக யாரும் கைதாவதில்லை.

என் அளவுகோல் இதுதான்: ஒரு தொண்டிலிருந்து இறந்தவரின் பெயரை எடுத்துவிட்டாலும் அது குறைவில்லாமல் நடக்குமானால், அது நல்ல காரியமாக இருக்கலாம், நினைவேந்தல் ஆகாது. இரத்ததானம் இந்த அளவுகோலில் தப்புமா என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கும் இடத்தில் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்பட்டால் தப்பும் என்பேன்.

அமெரிக்காவில் செப்டெம்பர் 11ஐ 2009இல் சட்டப்படி நினைவுக்கும் சேவைக்குமான தேசிய நாளாக்கினார்கள். அதைப் பின்பற்றலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே வரிசை எப்படி என்பதைக் கவனிக்க வேண்டும். நியூயோர்க் நினைவிடத்தில் 2,983 பெயர்கள் வெண்கலத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆண்டுதோறும் உறவினர்கள் பெயர்களை உரக்க வாசிக்கிறார்கள். கொன்றது யார் என்பதிலும் எத்தனை பேர் என்பதிலும் அரசுக்கும் குடும்பங்களுக்கும் வழக்கில்லை. அந்த உறுதியான நிலத்தின்மேல்தான் சேவை நிற்கிறது. கொக்கட்டிச்சோலையில் சுட்டது அரசின் படை. ஜனாதிபதி ஆணைக்குழு 1991இன் இறப்பு 67 என்றது. ஊரின் பக்கத்திலிருந்து சொல்லப்படும் தொகை 152. இராணுவ நீதிமன்றம் கொலைக் குற்றச்சாட்டில் யாரையும் குற்றவாளியாகக் காணவில்லை. படையைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காக ஓர் அதிகாரி பதவி இழந்தார், அவ்வளவே. எண்ணிக்கையே தீராத இடத்தில் சேவையை முன்னுக்கு வைத்தால் அது கேள்வியை மூடும் துணியாகிவிடும். சுடர் ஏற்றாதே, மரம் நடு என்று அதிகாரத்தில் இருப்பவர் சொல்வதற்கு நாமே வழி திறந்துவிடக் கூடாது. 2021 மே 18இல் கிரான் கடற்கரையில் நினைவுகூர்ந்த பத்துப் பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி மாதக்கணக்கில் சிறையிருந்தார்கள். அந்த விலையைக் கொடுத்துத்தான் சுடர் எரிகிறது.

குறை நம் பக்கமும் இருக்கிறது. முதல் சுடரை அரசியல்வாதியும் ஆறாவது சுடரைத் தாயும் ஏற்றும் நினைவேந்தல்களைக் கண்டிருக்கிறேன். பொறுக்க முடியாத காட்சி அது. இன்னொரு குறை அயலூரைப் பற்றியது: கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலத்தைக் கடந்து ஆரையம்பதி வழியாகப் போனால் காத்தான்குடி. 1990 ஆகஸ்ட் 3இல் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்ற ஊர். வாவியின் இந்தப் பக்கமான படுவான்கரையின் இரத்ததான முகாமொன்று அந்த ஊரின் நாளுக்கும் நடந்தால், வாவியின் இரு கரைத் தாய்மாரும் ஒரே பந்தலில் இருப்பார்கள். அதற்கு யாரும் நிதி அனுப்பத் தேவையில்லை, துணிவு போதும்.

67க்கும் 152க்கும் இடையில் 85 பேர் இருக்கிறார்கள். கொக்கட்டிச்சோலைக்கு இன்று மிக அவசரமான சேவை அந்த இடைவெளியில்தான் இருப்பதாக நினைக்கிறேன். 1991இல் முப்பது வயதில் கணவனைப் பறிகொடுத்தவர் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் மருந்து வாங்கிக் கொடுப்பதும் தொண்டுதான். போகும் வழியில் கணவரின் முழுப் பெயரையும் வயதையும் தொழிலையும், அன்று காலை அவர் எங்கே போனார் என்பதையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளலாம். உயர்தரம் படிக்கும் பத்துப் பிள்ளைகள், பத்துக் கொப்பிகள், ஜனவரி 28இலிருந்து ஜூன் 12 வரை நான்கரை மாதம். அடுத்த ஜூனில் சுடர் ஏற்றும்போது அந்தக் கொப்பிகளிலிருந்து பெயர்களை வாசிக்கட்டும். வாசித்த பிறகு சோறு போடுவோம்.