சில்வர் மலையில் 36 பைட்

சாட்டில் தட்டும் கட்டளைகளால் ஒரு கூட்டமே சேர்ந்து ஒரு போக்கிமான் விளையாட்டை ஆடிய ஸ்ட்ரீம், ட்விட்ச் ப்ளேஸ் போக்கிமான். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும். ஒருவர் ஹீலிக்ஸ் புதைபடிவத்தில் தொடங்குவார், இன்னொருவர் பேர்ட் ஜீசஸ் என்பார், மூன்றாமவர் ஒன்பதாம் பாதையின் விளிம்பில் மணிக்கணக்காகத் தவறித் தவறிக் குதித்ததைச் சொல்லிச் சிரிப்பார். முதலில் ஆடிய போக்கிமான் ரெட் ஓட்டத்தின் புகழ் அப்படி. 2014 பிப்ரவரி 12இல் தொடங்கி மார்ச் 1இல் முடிந்தது. பங்கெடுத்தவர்கள் மட்டும் 11 லட்சத்து 65 ஆயிரத்துக்கு மேல். அந்தப் புகழில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கூட்டம் ஆடுகிற ஆட்டம் ஒரு கலையாக முடியும் என்று எனக்குத் தோன்றியது ரெட்டில் அல்ல. அடுத்து வந்த கிரிஸ்டலில், அதிலும் கடைசிச் சண்டையில்.

கிரிஸ்டலின் முடிவில், சில்வர் மலைக் குகையின் உள்கோடியில் முந்தைய விளையாட்டின் நாயகன் ரெட் நிற்கிறான். போய்ப் பேசினால் வெறும் புள்ளிகள். அதற்கு மேல் வாய் திறக்க மாட்டான். 16 பேட்ஜையும் வாங்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் அவன் அணி மனப்பாடம்: 81ஆம் லெவல் பிகாச்சு, எஸ்பியான், ஸ்நார்லாக்ஸ், வீனசார், சாரிசார்ட், பிளாஸ்டாய்ஸ். 2014 மார்ச்சில் கூட்டம் அங்கே போய் நின்றபோது எதிரே வந்தது அந்த அணி இல்லை. பிட்ஜாட், ஆமஸ்டார், ஜாப்டோஸ், லாப்ரஸ், நிடோகிங், வெனோமாத். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே கூட்டம் தட்டித் தடவி வளர்த்து, எலைட் ஃபோரைத் தாண்டவைத்த அதே ஆறு. ஸ்ட்ரீமை நடத்திய, பெயர் வெளியிடாத அந்த ஆஸ்திரேலிய நிரலாளர் ரெட்டின் அணியை மாற்றி வைத்திருந்தார்.

விளையாட்டை உருவாக்கிய கேம் ஃப்ரீக்கின் எண்ணமும் இதுவாகத்தான் இருந்திருக்கும். போன விளையாட்டில் நீ யாராக இருந்தாயோ அவன் இங்கே நிற்கிறான், அவனை ஜெயித்துவிட்டுப் போ என்பதுதான் அந்தக் குகையின் செய்தி. ஆனால் அவர்கள் கொடுத்த அணி யாருடையது? எஸ்பியான் முதல் தலைமுறையில் பிறக்கவே இல்லை. ரெட் ஆடிய எந்தச் சிறுவனின் அணியிலும் அது இருந்திருக்க வழியில்லை. ஆக அந்த ரெட், எல்லாருக்கும் பொதுவாகத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றவன். கேம் ஃப்ரீக்கைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு சிறுவனின் பழைய கார்ட்ரிட்ஜிலும் இருப்பது என்ன என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ட்விட்ச் கூட்டத்துக்கு மட்டும் அது தெரியும். லட்சம் பேருக்கும் ஒரே கார்ட்ரிட்ஜ், ஒரே இறந்தகாலம். மூல விளையாட்டு பாதி சொல்லி நிறுத்திய வாக்கியத்தை அந்த மாற்றம் முடித்துவைத்தது.

எவ்வளவு சின்ன மாற்றம் என்பதையும் பாருங்கள். கிரிஸ்டலின் தரவில் ரெட்டுக்கு எழுதியிருக்கும் வடிவில் ஒரு போக்கிமானுக்கு ஆறு பைட்: லெவலுக்கு ஒன்று, இனத்துக்கு ஒன்று, மூவுகளுக்கு நான்கு. ஆறு போக்கிமானுக்கு 36. கார்ட்ரிட்ஜில் இருப்பது மொத்தம் இரண்டு மெகாபைட். அதில் இந்த 36 பைட்டை மாற்றி எழுதினாலே காரியம் முடிந்துவிடும். புது வரைபடம் வேண்டாம், புது இசை வேண்டாம், ஒரு வரி வசனம்கூட வேண்டாம். மோட் செய்கிறவர்கள் இதை நாலு தடவை பார்க்க வேண்டும் என்பேன். கை வைத்தது ஒரே இடத்தில், அதுவும் கை வைக்க வேண்டிய இடத்தில்.

அந்த ஆறும் சும்மா ஆறு அல்ல. ஜாப்டோஸைப் பிடித்தது மாஸ்டர் பால். அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப் போய்த்தான் பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை அன்று கூட்டம் ஒரு டஜன் போக்கிமான்களை ஒவ்வொன்றாக விடுவித்துத் தொலைத்தது. அந்த நாளுக்குக் கூட்டம் வைத்த ரத்த ஞாயிறு என்ற பெயர் இன்றும் நிற்கிறது. ஆமஸ்டாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தூக்கி எறிய முடியாத பொருள் என்ற ஒரே காரணத்தால் பையைத் திறக்கும்போதெல்லாம் கையில் அகப்பட்டு, அதனாலேயே தெய்வமாகிப்போன புதைபடிவம் உயிர்த்தெழுந்து வளர்ந்த வடிவம் அது.

எனக்குப் பிடித்தது வெனோமாத். எலைட் ஃபோரில் லான்ஸின் 62ஆம் லெவல் டிராகனைட்டை அது சாய்த்த விதம் எந்தத் தேர்ந்த ஆட்டக்காரருக்கும் வாய்க்காது. முதல் தலைமுறையில் லான்ஸின் கணினி மூளை, எதிரியின் வகைக்கு எந்த வகை மூவ் அதிகம் வலிக்கும் என்று மட்டும் பார்க்கும். அந்த மூவ் அடிக்கிற மூவா என்று பார்க்காது. வெனோமாத் நஞ்சு வகை. நஞ்சுக்கு சைக்கிக் ஆகாது. டிராகனைட்டின் அஜிலிட்டியும் பாரியரும் சைக்கிக் வகை, இரண்டும் அடிக்காதவை. எனவே அந்தப் பெரிய மிருகம் திரும்பத் திரும்பத் தன் வேகத்தையும் கவசத்தையும் கூட்டிக்கொண்டு நிற்க, அதைவிட எவ்வளவோ கீழே இருந்த ஒரு விட்டில் நஞ்சுப்பொடி தூவிக் கதையை முடித்தது. இதைக் கூட்டம் திட்டமிடவில்லை. விளையாட்டின் ஓட்டை ஒன்றும் கூட்டத்தின் குழப்பம் ஒன்றும் வழியில் சந்தித்துக்கொண்டன, அவ்வளவுதான்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சரித்திரம் உள்ள ஆறு எதிரே வந்து நிற்கிறபோது எந்தப் பொத்தானை அழுத்துவது? இரவு ஷிஃப்டில் உலாவியின் ஓரத்தில் இந்த ஸ்ட்ரீமைத் திறந்துவைத்து வேலை பார்த்த ஆட்களில் நானும் ஒருவன். எங்கள் கிரிஸ்டல் அணியின் லாசர்கேட்டர் ஜெயிக்க வேண்டும் என்றும் இருந்தது, பிட்ஜாட் விழக் கூடாது என்றும் இருந்தது. கடைசியில் கூட்டம் தன் பழைய அணியைத் தானே வீழ்த்தியது. 13 நாளில் கிரிஸ்டல் முடிந்தது.

இந்தச் சண்டைதான் உச்சம் என்பதை ரேண்டமைசர் ரசிகர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அந்த ஆண்டே கூட்டம் ஆடிய, காட்டில் வருவது எது என்று யாருக்கும் தெரியாதபடி கலைத்துப்போட்ட ஃபயர்ரெட்தான் உச்சம் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மனப்பாட அறிவு செல்லாத இடத்தில்தான் கூட்டத்தின் மூளை வேலை செய்யும். ஆனால் கலைத்துப்போட்ட சீட்டுக்கு ஞாபகம் கிடையாது. புல்லுக்குள்ளிருந்து எது குதித்தாலும் அரை நிமிட ஆச்சரியம், பிறகு அடுத்தது. சில்வர் மலையில் குதித்தது ஆச்சரியம் மட்டும் அல்ல, கணக்கு.

கூட்டம் ஜனநாயகம் என்று அழைத்த ஓட்டு முறையின் ஆதரவாளர்களோடும் எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. ரெட் ஓட்டத்தில், ராக்கெட் கும்பலின் மறைவிடத்தில் சுழல் ஓடுகளில் மாட்டிக்கொண்ட பிறகுதான் ஓட்டெடுத்து நகரும் முறை வந்தது. அதை எதிர்த்து ஸ்டார்ட்9 என்ற கட்டளையைத் தட்டித் தட்டி ஆட்டத்தையே முடக்கியவர்களை விஷமிகள் என்று இன்றும் திட்டுகிறார்கள். எனக்கு அவர்கள்தான் அந்த ஊரின் முதல் ரசிகர்கள். ஆனாலும் ஓட்டு முறையின் ஆகச் சிறந்த விளைச்சலை மறுக்க மாட்டேன்: 2015இல் கூட்டம் ஆடிய டார்க் சோல்ஸ். இருபது முப்பது நொடி தாமதத்தோடு அந்த விளையாட்டில் ஒரு வாள்வீச்சைக்கூடத் தடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு ஓட்டுக்கும் நடுவே விளையாட்டு அப்படியே உறைந்து நிற்கும்படி மாற்றினார்கள். 43 நாளில் முடித்தும் காட்டினார்கள். சாதனைதான். ஆனால் டார்க் சோல்ஸின் பதற்றத்தை எடுத்துவிட்டு டார்க் சோல்ஸை ஜெயிப்பதில் எனக்கு அரை மனசு.

இப்போது நிலவரம் என்ன? ஜிடிஏ 5க்கான கேயாஸ் மோட் ஓடுகிற ஸ்ட்ரீம் எதையாவது திறந்து பாருங்கள். 30 நொடிக்கு ஒரு விளைவு. அடுத்து எது என்று சாட்டில் எண்ணைத் தட்டி ஓட்டுப் போடலாம். புவியீர்ப்பு குறையும், கார்கள் வழுக்கும், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் அடிக்க வருவார்கள். டார்க்வைப்பர்ஏயூ போன்ற கைதேர்ந்தவர் கையில் அது நல்ல பொழுதுபோக்கு. விளையாட்டை அணு அணுவாக அறிந்தவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்ப்பதில் ஒரு ருசி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ரசிக்கப்படுவது அவர் திறமை. கூட்டம் ஆளுக்கொரு கை உப்பு அள்ளிப் போடுகிறது, அவர் அந்தக் குழம்பைக் குடித்துக் காட்டுகிறார். விளைவு தீர்ந்ததும் உலகம் பழையபடி ஆகிவிடுகிறது. யாரும் எதையும் இழக்கவில்லை.

கிரவுட் கன்ட்ரோல் வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: காசு. நாணயம் வாங்கி, விலைப்பட்டியலைப் பார்த்து, ஆட்டக்காரரின் கட்டுப்பாடுகளைத் தலைகீழாக்கலாம், எதிரியை இறக்கிவிடலாம், சில விளையாட்டுகளில் ஆளையே கொன்றுவிடலாம். தொழில்நுட்பம் அருமை, பழைய சூப்பர் நின்டெண்டோ விளையாட்டின் நினைவகத்தில் நொடியில் கை வைக்கிற வேலை எளிதல்ல. ஆனால் லட்சம் பேர் ஆளுக்கொரு அம்புக்குறியால் தள்ளி நகர்த்தியதை இப்போது பர்ஸ் கனத்த ஒருவர் ஒரே சொடுக்கில் செய்துவிடுகிறார். பார்வையாளர்தான் விளையாடுகிறார் என்கிறார்கள். விளையாடவில்லை, சீண்டுகிறார்.

சில்வர் மலைக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது என்று நான் நினைப்பது ஒன்றே ஒன்று. 2015 ஜனவரி, ஆசம் கேம்ஸ் டன் குயிக் என்ற வேக ஆட்ட விழாவின் மேடை. டாஸ்பாட் என்ற இயந்திரம், சூப்பர் கேம் பாயில் செருகிய அதே போக்கிமான் ரெட்டைப் பொத்தான் அழுத்தங்களால் மட்டுமே உடைத்து, அதன் நினைவகத்தைக் கைப்பற்றி, ட்விட்ச் சாட்டையே திரைக்குள் ஓடவிட்டது. போக்கிமான் ப்ளேஸ் ட்விட்ச் என்று பெயரும் வைத்தார்கள். ஓராண்டுக்கு முன் ரெட்டை ஆட்டிவைத்த சாட், இப்போது ரெட்டுக்குள்ளேயே அகப்பட்டது. அங்கேயும் அதே கணக்குத்தான்: நீ செய்தது உன்னிடமே திரும்பி வருகிறது.

இத்தகைய வேலை அருகிவிட்டதற்கு ரசனை மட்டும் காரணம் அல்ல, பயமும் உண்டு. கிரிஸ்டலை அடித்தளமாக வைத்து எட்டு வருடம் இழைத்த ப்ரிஸம் என்ற ஹேக், 2016 டிசம்பரில் வெளியாக நாலைந்து நாள் இருக்கும்போது நின்டெண்டோவின் வழக்கறிஞர் கடிதத்தால் நின்றது. அது பிறகு கசிந்து எல்லார் கைக்கும் போனது வேறு கதை. அப்படி ஒரு கடிதம் தன் வீட்டுக்கும் வரலாம் என்று அறிந்த பிறகு, கூட்டத்துக்காக நாள்கணக்கில் உட்கார்ந்து ஒரு விளையாட்டைச் செதுக்குகிறவர் எத்தனை பேர் மிஞ்சுவார்?

மிஞ்சியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விளைவை எழுதுமுன், இது முடிந்தபின் எது மாறாமல் மிஞ்சும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் எதை வளர்த்தது, எதைத் தொலைத்தது என்று குறித்துவையுங்கள். பிறகு, அது மறந்திருக்கும் நேரம் பார்த்து எடுத்து நீட்டுங்கள். 30 நொடியில் மறைகிற நூறு விளைவுகளைவிட, திரும்பி வருகிற ஒரு வெனோமாத் மேல்.